தேனீயின் உருவில் ஒரு மலர்

புண்ணிய பூமிக்குத் திருப்பயணம் செல்வோர் மாசி, பங்குனித் திங்களில் கார்மேல் மலையேறும்போது, எலியா இறைவாக்கினரின் நினைவாக எழுந்த ஆலயத்தையும், அங்கிருந்து கீழே விரிந்து தோன்றும் சமவெளியையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அவர்தம் காலடியிலேயே, சுண்ணாம்புப் பாறைகளின் இடுக்கில், ஒரு சாண் உயரமே உள்ள செடியொன்று நிற்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கவனித்தோரும், தண்டின்மேல் தேனீ ஒன்று அமர்ந்திருக்கிறது என்றெண்ணி ஒதுங்கிச் செல்வர். அது தேனீயன்று, மலர். மயிரடர்ந்த உடலும், பளபளக்கும் முதுகும், இருபுறமும் சிறகென விரிந்த இதழ்களும் கொண்டு, ஒரு பூச்சியைப் பார்த்து வார்த்தெடுத்தாற்போல அமைந்த மலர். கார்மேல் மலையின் பெயராலேயே தாவர நூலார் இதனை 'ஓஃப்ரிஸ் கார்மெலி' என வழங்கினர்.

இது ஆர்கிட் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் ஏறத்தாழ 28,000 இனங்களைக் கொண்ட குடும்பம் இது. நம் வீட்டுப் பாயசத்திலும் குழந்தைகளின் ஐஸ்கிரீமிலும் மணக்கும் வனிலாவும் இக்குடும்பத்துக் கொடியே. இந்தியாவில் மட்டும் 1,256 இனங்கள் உள்ளன என இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை 2019இல் கணக்கிட்டு வெளியிட்டது. அவற்றுள் 388 இனங்கள் இந்நாட்டையன்றி வேறெங்கும் இயற்கையாக வளராதவை.

ஆர்கிட் மலரை ஏனைய மலர்களினின்றும் பிரித்தறிவது எளிது. வெளிவட்டத்தில் மூன்று இதழ்கள், உள்வட்டத்தில் மூன்று இதழ்கள். உள்வட்டத்து மூன்றில் ஒன்று மட்டும், மற்ற இரண்டையும் போலன்றி, வடிவிலும் நிறத்திலும் வேறுபட்டு முன்தள்ளி நிற்கும். இதனை 'உதடு' என்பர். ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் தனித்தனியே நில்லாமல் ஒரே சிறு தூணாக இணைந்திருக்கும். மகரந்தம் பொடியாக உதிராது. திரளாகத் திரண்டு, வரும் பூச்சியின் தலையிலோ முதுகிலோ முழுமையாக ஒட்டிக்கொள்ளும். இம்மூன்று அடையாளங்களும் ஒருங்கே இருப்பின் அது ஆர்கிட் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த ஆர்கிட் என்று துணிவதிலேதான் தொல்லை தொடங்குகிறது. அத்தொல்லைக்குத் தேனீ ஆர்கிட்டைப்போல் நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை.

'ஓஃப்ரிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் புருவம் என்பது பொருள். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளே இவ்வினத்தின் தாயகம். தாவரங்களுக்கு ஈரடிப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 1753இல் வெளியிட்ட தம் பெருநூலில், ஈயைப் போன்றதையும் தேனீயைப் போன்றதையும் தனித்தனி இனங்களாகக் கொள்ளவில்லை. எல்லாவற்றையும் 'பூச்சி தாங்கி' என்ற ஒரே இனத்தில் அடக்கி, உட்பிரிவுகளாகவே வகுத்தார். 1762இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹட்சன் என்பவரே தேனீ வடிவானதைப் பிரித்து, 'ஓஃப்ரிஸ் அப்பிஃபெரா', அதாவது 'தேனீ தாங்கி', என்று பெயரிட்டார்.

தேனீயைப்போல் ஒரு மலர் ஏன் இருக்கவேண்டும்? இதில் தேன் துளியும் இல்லை. சார்ல்ஸ் டார்வின் ஆர்கிட் மலர்களைப்பற்றி 1862இல் எழுதிய நூலில் இக்கேள்வியோடு போராடியிருக்கிறார். அவர் ஆண்டுதோறும் கவனித்தும் தேனீ ஆர்கிட்டைப் பூச்சிகள் நாடக் காணோம். மாறாக, மகரந்தத் திரள்கள் தம் மெல்லிய காம்பில் தாமே முன்வளைந்து தொங்கி, காற்றில் அசைந்து, அதே மலரின் சூல்முடியைத் தொடுவதைக் கண்டார். பூச்சியை ஈர்ப்பதற்கான அத்தனை அமைப்பும் இருக்க, பூச்சியே தேவைப்படாமல் காய்க்கும் இச்செடி அவருக்குப் புதிராகவே இருந்தது.

புதிரை அவிழ்த்தவர் பேராசிரியர் எவரும் அல்லர். அல்ஜீரியாவில் நீதிபதியாகப் பணியாற்றிய புயான் என்னும் பிரெஞ்சுக்காரர். வழக்குகளில் சாட்சியங்களை எடைபோட்டுப் பழகிய அக்கண்கள் மலர்களையும் அவ்வாறே நோக்கின போலும். கண்ணாடி ஆர்கிட் எனப்படும் உறவினத்தை அவர் பல்லாண்டுகள் கூர்ந்து நோக்கினார். அம்மலரை நாடி வருவது ஒரேயொரு வகைக் குளவி. அதிலும் ஆண் குளவி மட்டுமே வருகிறது. வசந்தத்தில் ஆண் குளவிகள் முன்னரும் பெண் குளவிகள் பின்னரும் மண்ணிலிருந்து வெளிப்படுகின்றன. அந்த இடைப்பட்ட நாட்களில் மலரும் இம்மலரைத் தன் இனத்துப் பெண் என்றே ஆண் குளவி மயங்கி அணுகுகிறது. ஏமாந்து அடுத்த மலருக்குச் செல்கையில் மகரந்தத்தையும் சுமந்து செல்கிறது. சுவிட்சர்லாந்தின் கொரவோனுடன் இணைந்து அவர் இதனை 1916இல் வெளியிட்டார். உலகம் உடனே நம்பிவிடவில்லை. 1927இல் ஆஸ்திரேலியாவில் ஈடித் கோல்மன் என்னும் அம்மையார், முற்றிலும் வேறான ஓர் ஆர்கிட்டிலும் வேறொரு குளவியிலும் இதே நிகழ்ச்சியைக் கண்டு எழுதினார். பிற்காலத்தில் வேதியியலும் சாட்சி கூறியது. 1999இல் ஆஸ்திரிய ஆய்வாளர் ஷீஸ்ட்லும் குழுவினரும், சிலந்தி ஆர்கிட் என்னும் ஓஃப்ரிஸ் இனத்தின் மணத்தில் உள்ள பொருள்கள், அதனை நாடும் தேனீயின் பெண்ணினம் சுரக்கும் மணப்பொருள்களை ஒத்தவை எனக் காட்டினர். ஆகவே பூச்சியை ஏமாற்றுவதில் உருவத்தைவிட மணத்திற்கே பங்கு மிகுதி. நம் கண்ணுக்குத் தேனீயாகத் தோன்றுவது ஒன்று. தேனீயின் புலனுக்குத் தேனீயாகத் தோன்றுவது வேறொன்று.

இதனாலேயே இவ்வினங்களை அடையாளம் காண்பதில் அறிஞர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு மலைச்சரிவின் மலர் ஒரு தேனீயை ஈர்க்கிறது. அடுத்த சரிவின் மலர், நிறத்தில் இம்மியளவு மாறுபட்டு, வேறொரு தேனீயை ஈர்க்கிறது. தேனீ வேறெனின் இனமும் வேறே என்று வாதிடுவோர் ஓஃப்ரிஸில் 250க்கும் மேற்பட்ட இனங்களை எண்ணுகின்றனர். மரபணு ஆய்வை அடிப்படையாகக் கொண்டோர், 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒன்பதே இனங்கள் என்றனர்! இருநூற்றைம்பது எங்கே, ஒன்பது எங்கே! புனித பவுல் கப்பற்சேதத்திற்குப்பின் கரையேறிய மால்டா தீவில் மட்டுமே வளர்வதாகக் கூறப்படும் 'ஓஃப்ரிஸ் மெலிட்டென்சிஸ்' தனியினமா, பரவலான ஓர் இனத்தின் தீவு வடிவமா என்பதும் இவ்வழக்கைச் சேர்ந்ததே. நாங்கள் குருமடத்தில் தத்துவம் பயின்ற நாளில், ஒரு பொருளை வரையறுக்க அதன் பேரினத்தையும் அதனை வேறுபடுத்தும் பண்பையும் கூறல் வேண்டும் என்று அரிஸ்டாட்டில் வழியில் மனப்பாடம் செய்தோம். லின்னேயஸும் அதே மரபில் வந்தவர்தாம். எந்தப் பண்பு உண்மையில் வேறுபடுத்தும் பண்பு என்பதை முடிவுசெய்வது எத்துணைக் கடினம் என்பதை அந்தப் பாடநூல்கள் எங்களுக்குச் சொல்லவில்லை.

இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. தனியினம் என ஒப்புக்கொள்ளப்பட்டால் அதற்குச் சட்டத்தின் காப்பு கிட்டும். வெறும் வடிவ வேறுபாடு எனின், அது வளரும் பாறைச்சரிவில் விடுதி கட்டத் தடை சொல்வார் இல்லை.

ஓஃப்ரிஸ் இந்தியாவில் வளர்வதில்லை. ஆயினும் 'தேனீ ஆர்கிட்' என்று தாவர நூலார் அழைக்கும் செடியொன்று நம்மிடமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியிலும் இலங்கையிலும் மட்டும் வளரும் 'காட்டோனியா பெடங்குலாரிஸ்' என்பதே அது. இப்பேரினத்தில் இருப்பதே இந்த ஒரே இனந்தான். கார்மேல் மலைச் செடி மண்ணில் கிழங்கு விட்டு வளர்வது. இதுவோ மரக்கிளைகளைப் பற்றி வாழ்வது. இரண்டும் ஆர்கிட் குடும்பத்தின் வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்தவை. நெருங்கிய உறவு சிறிதும் இல்லை. உறவில்லாத இரு செடிகள் ஆயிரக்கணக்கான கல் தொலைவில் தனித்தனியே தேனீ வேடம் பூண்டு நிற்கின்றன.

இதன் பெயரில் சென்னை மாகாணத்தின் பழைய வரலாறு பொதிந்துள்ளது. 1833இல் லண்டனில் ஜான் லிண்ட்லி என்பவர் இதனை வாண்டா என்னும் பேரினத்தில் சேர்த்து, 'பெடங்குலாரிஸ்', அதாவது 'காம்புடையது', என்று பெயரிட்டார். பின்னர் நம் நாட்டில் பணியாற்றிய ராபர்ட் வைட், இது வாண்டா அன்று, தனிப் பேரினமே எனக் கண்டு, 1851இல் 'காட்டோனியா மாக்ரோஸ்டாக்கியா' என்று பெயர் சூட்டினார். இரண்டும் ஒரே செடியே எனத் தெளிந்தபின், முந்திய அடைமொழிக்கே முதலிடம் என்னும் தாவரவியல் விதிப்படி, லிண்ட்லியின் அடைமொழியும் வைட்டின் பேரினப் பெயரும் இணைந்து இன்றைய பெயர் உருவாயிற்று. சொத்து வழக்கில் முந்திய பத்திரம் செல்லுவது போலத்தான்.

வைட் 1819இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து மருத்துவர். படை மருத்துவராகத் தொடங்கி, பின்னர் கோயம்புத்தூர்ப் பகுதியில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் பண்ணைகளுக்குப் பொறுப்பாளரானார். பருத்தியால் பெற்ற புகழ் சிறிது. செடிகளால் பெற்ற புகழ் பெரிது. 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட படநூல் தொகுதிகளில் 2,101 படங்கள் அடங்கியுள்ளன. காட்டோனியா என்னும் பெயரைப் பார்த்ததும் பருத்தியோடு தொடர்புடையதோ எனச் சிலர் எண்ணக்கூடும். அது சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த ஃபிரடெரிக் கான்யர்ஸ் காட்டன் என்பவரின் நினைவாக இடப்பட்டது. ஆர்கிட் ஆர்வலரான இவர், கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையும் கோதாவரியில் தௌலேசுவரம் அணையும் கட்டிய சர் ஆர்தர் காட்டனின் உடன்பிறந்தவர். தமையனின் பெயரைத் தஞ்சை உழவர்கள் அறிவர். தம்பியின் பெயரை ஒரு மலர் சுமந்து நிற்கிறது.

அந்த 2,101 படங்களையும் வைட் தாமே வரைந்துவிடவில்லை. ரங்கையா, கோவிந்து என்னும் தென்னாட்டு ஓவியர் இருவரே அவருடைய நூல்களுக்கான படங்களில் பெரும்பான்மையை வரைந்தவர்கள். மலரைப் பிரித்து, மகரந்தத் திரளைத் தனியே பெரிதாக்கி, காயின் குறுக்குவெட்டைக்கூடப் பிழையின்றித் தீட்டிய அவர்தம் கைவண்ணம் இன்றும் அடையாளம் காண்பதற்கு உதவுகிறது. வைட் ஓர் ஆர்கிட் பேரினத்திற்குக் கோவிந்துவின் பெயரால் 'கோவிந்தூயியா' என்றே பெயரிட்டார். இந்திய ஓவியர் ஒருவருக்கு அக்காலத்தில் கிடைத்தற்கரிய சிறப்பு அது. ஆனால் அச்செடி முன்னரே 'ட்ரொப்பீடியா' என்னும் பெயரில் அறியப்பட்டது எனத் தெரியவரவே, முந்திய பத்திரம் என்னும் அதே விதி கோவிந்துவின் பெயரை விழுங்கிவிட்டது. விதி நியாயமானதே. ஆயினும் எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு.

இனி இச்செடியை இனங்காணும் முறைக்கு வருவோம். வயநாட்டில் பணிபுரியும் நம் பகுதி இளைஞர் ஒருவர் விடுமுறையில் குன்றத்தூர் வந்திருந்தபோது, தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "சாமி, இது என்ன பூ? தேனீ மாதிரியே இருக்குது. இணையத்தில் தேடினால் ஐரோப்பாவுப் பூ என்று வருகிறது" என்றார். படத்தில் ஒரேயொரு மலர், முன்பக்கம் மட்டும். உதடு கருஞ்செந்நிறத்தில் வெல்வெட்டுப்போல் மின்ன, அதன் ஓரம் மஞ்சளாக இருந்தது. இதழ்களில் மங்கிய மஞ்சளின்மேல் செம்பழுப்புக் கோடுகள். மலர் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அடையாளம் காணப் போதாது.

"தம்பி, இது தரையில் முளைத்ததா, மரத்தில் இருந்ததா?" என்றேன். மரத்தில் என்றார். ஐரோப்பிய ஓஃப்ரிஸ் அக்கணமே விலகிற்று. அது ஒருபோதும் மரமேறாது. இலை எப்படி இருந்தது, பூங்காம்பு எவ்வளவு நீளம், பூவின் பின்புறத்தில் வால்போல ஏதேனும் நீண்டிருந்ததா என்று கேட்டபோது அவரால் விடையளிக்க இயலவில்லை. மலரையே பார்த்துக்கொண்டிருந்தவர் இலையைப் பார்க்கவில்லை. எவரும் அப்படித்தான். மீண்டும் அங்கே சென்றதும் செடி முழுவதையும், இலையின் நுனியையும், மலரின் பக்கவாட்டையும், அருகே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தும் படமெடுத்து அனுப்பும்படி கூறினேன். மலரைப் பறிக்கவேண்டாம் என்றும் சொன்னேன்.

இத்தனை கேள்விகள் எதற்கு? நம் மலைகளில் மரத்தில் வளரும் ஆர்கிட்டுகளில், கருஞ்செந்நிற உதடுடையவை வேறும் உண்டு. லூசியா என்னும் பேரினத்து மலர்களும் பூச்சியொன்று அமர்ந்தாற்போலவே தோன்றும், உதடும் கருஞ்செந்நிறமே. ஆனால் லூசியாவின் இலைகள் பென்சிலைப்போல் உருண்டவை. மலர்கள் தண்டையொட்டி, காம்பு இருப்பதே தெரியாமல் நெருங்கி நிற்கும். காட்டோனியாவின் இலை நாடாவைப்போல் தட்டையானது. ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ளது. அதன் நுனி கத்தரித்தாற்போல் இரு மடல்களாகப் பிளவுபட்டிருக்கும். பூங்காம்போ மெலிந்து நீண்டு, சில வேளை ஒரு முழத்தை எட்டி, தன் கடைசி நுனியில் மட்டும் மலர்களைத் தாங்கும். லிண்ட்லி இட்ட 'காம்புடையது' என்னும் அடைமொழியின் பொருத்தத்தை, நேரில் காண்போர் உடனே உணர்வர். காற்றில் அக்காம்பு ஆடும்போது, மலர் பறப்பதுபோலவே தோன்றும். என் கண்ணுக்கு அது தேனீயைவிட, நம் வீட்டு உத்திரத்தைத் துளைக்கும் கருவண்டையே நினைவூட்டுகிறது. பெயரிட்டோர் தேனீ என்றுவிட்டனர்.

வாண்டாவிலிருந்து பிரிப்பது எப்படி? லிண்ட்லியே இதை வாண்டா என்று கொண்டார் அல்லவா? வாண்டா மலரைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால், உதட்டின் அடியில் சிறு வால் அல்லது பை காணப்படும். காட்டோனியாவில் அது இல்லை. வைட் இதனைத் தனிப் பேரினமாக்கியதற்கு இது முக்கியமான காரணங்களுள் ஒன்று. முன்பக்கப் படம் ஆயிரம் இருந்தாலும் பயனில்லை. பின்பக்கப் படம் ஒன்றே வழக்கைத் தீர்த்துவிடும்.

சில வாரங்களில் அவ்விளைஞர் படங்களை அனுப்பினார். தட்டையான இலை, பிளந்த நுனி, முழ நீளக் காம்பு, பின்புறத்தில் வால் இல்லை. காட்டோனியாவே! கூடவே ஒரு செய்தியும் இருந்தது. சாலையை அகலப்படுத்துவதற்காக அந்த மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். விழுந்த கிளையிலேதான் இப்படங்கள் எடுக்கப்பட்டன. என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பட்டையோடு பெயர்த்து, அண்மையிலேயே, அதேபோன்ற சொரசொரப்பான பட்டையுள்ள மரமொன்றில், அதே அளவு வெயில் படும் கிளையில், தென்னை நார்க் கயிற்றால் கட்டும்படி எழுதினேன். அந்த மரம் தனியார் தோட்டத்து எல்லையில் நின்றதால் உரிமையாளரின் இசைவோடு அவ்வாறே செய்தார். காப்புக் காடாயின் வனத்துறையினரிடம் தெரிவிப்பதே முறை. அங்கிருந்து செடியை எடுப்பது குற்றமாகும்.

ஊருக்குக் கொண்டுவந்து தொட்டியில் வளர்க்கலாகாதா என்று கேட்போர் உண்டு. ஆர்கிட் விதை தூசியினும் நுண்ணியது. தன் முளைக்குத் தேவையான உணவைத் தன்னுள் கொண்டிராதது. நோயல் பெர்னார் என்னும் பிரெஞ்சு இளைஞர் 1899இல் கண்டறிந்தபடி, மண்ணிலோ பட்டையிலோ வாழும் ஒருவகைப் பூஞ்சை அவ்விதைக்குள் புகுந்து ஊட்டினாலன்றி அது முளைப்பதில்லை. எனவே ஒரு காட்டு ஆர்கிட் நம் வீட்டுத் தொட்டிக்கு வந்தால், சில காலம் உயிரோடிருக்கக்கூடும். மரபைத் தொடரப் பெரும்பாலும் இயலாது. பூஞ்சை வேண்டும், அதற்குரிய மரம் வேண்டும், மகரந்தம் சுமக்கும் பூச்சி வேண்டும். மலையை அப்படியே குன்றத்தூருக்குக் கொண்டுவர முடியுமா?

தமிழகத்துச் செடிகளை இவ்வாறு ஒவ்வொன்றாக இனங்கண்டு பதிந்த பணியில் இயேசு சபைக் குருக்கள் சிலரின் பங்கு பெரிது. கொடைக்கானலை அடுத்த செண்பகனூர்த் திருஇருதயக் கல்லூரியில் வாழ்ந்த தந்தை ஆங்கிலாட், பழனி மலைச் செடிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். அக்கல்லூரியின் அருங்காட்சியகமும் ஆர்கிட் வளர்ப்பகமும் கொடைக்கானல் செல்லும் பலர் அறிந்தவையே. பம்பாயில் தந்தை சாந்தாப்பாவ், கபாடியாவுடன் இணைந்து பம்பாய்ப் பகுதி ஆர்கிட்டுகளைப்பற்றி 1966இல் நூல் வெளியிட்டார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் இயக்குநராகவும் விளங்கினார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் தந்தை கே. எம். மத்தேயு, தமக்கு முன் உழைத்த தந்தை ரப்பினாவின் பெயரால் 1967இல் உலர்தாவரக் காப்பகம் ஒன்றை நிறுவினார். 'தமிழ்நாடு கர்நாடிக்' பகுதியின் தாவரங்களைப்பற்றி அவர் எழுதிய பெருந்தொகுதிகள் 1981 முதல் 1988 வரை வெளிவந்தன. பழனி மலைத் தாவரங்களைப்பற்றிய மூன்று தொகுதிகள் 1999இல் வந்தன. 2004இல் அவர் மறைந்தார்.

உலர்தாவரக் காப்பகம் என்றால் என்ன? செடியை இலை, மலர், காயோடு பறித்து, செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் தைத்து, யார், எங்கே, எந்நாளில், எவ்வளவு உயரத்தில், எந்த மரத்தில் கண்டார் என்று எழுதி வைக்கும் நூலகம் அது. நிறம் மங்கிவிடும், உண்மை மங்காது. நூறாண்டு கழித்து ஒருவர் ஐயம் எழுப்பினாலும் அத்தாளை எடுத்து, மலரை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பார்க்கலாம். கைப்பேசிப் படம் இதற்கு ஈடாகாது. ஆனால் அரிய செடிக்குப் படமே போதும் என்று சொல்லும் காலமும் வந்துவிட்டது. பத்தே செடிகள் எஞ்சிய இடத்தில் ஒன்றைப் பறித்து ஒட்டுவது அறிவாகாது.

இவ்விடத்தில் ஒரு கடினமான கேள்வி எழுகிறது. அரிய செடியைக் கண்டோம், அடையாளமும் கண்டோம், இடத்தை ஊரறியச் சொல்லலாமா? அகத்தியர் மலைப்பகுதியின் 'பாஃபியோபெடிலம் ட்ரூரி' என்னும் பொன்னிறச் செருப்பு ஆர்கிட்டின் கதையை இங்கே நினைக்கவேண்டும். கர்னல் ட்ரூரி என்பவர் 1865இல் திருவிதாங்கூர் மலைகளில் கண்டது. 1874இல் பெடோம் என்பவரால் விவரிக்கப்பட்டது. அச்செடி நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாதிருந்து, 1970களில் மீண்டும் கண்டறியப்பட்டது. கண்டறிந்த செய்தி பரவியதும், விற்பனைக்காகச் செடி திரட்டுவோர் மலையேறி வாரிச் சென்றனர். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் அப்பேரினத்துச் செடி அது ஒன்றே. மறைந்திருந்த காலத்தில் பிழைத்தது. அறியப்பட்டபின் அழிவின் விளிம்பிற்கு வந்தது! இன்று அது மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. பன்னாட்டு உடன்படிக்கையின்படி அதன் வணிகம் தடைசெய்யப்பட்டுள்ளது. நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனைக் காக்கிறது. ஆகவே அந்த இளைஞரின் செடி எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்பதை இங்கு எழுதவில்லை. அவர் ஆய்வாளர்களுக்கு மட்டும் தெரிவித்திருக்கிறார். அறிவைப் பகிர்வது கடமை என்று போதிக்கும் ஒருவர் இப்படிச் சொல்வது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். பெயரையும் உருவையும் எல்லாருக்கும் சொல்லலாம், இருப்பிடத்தைக் காப்பவருக்கு மட்டும் சொல்லலாம் என்பதே என் கருத்து.

சென்னையின் தென்புறத்தில் வாழும் நமக்கு இதெல்லாம் தொலைவிலுள்ள செய்தியா? அன்று. 1937இல் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்த கிறித்துவக் கல்லூரியின் வளாகத்தில் இன்றும் புதர்க்காடு நிற்கிறது. அதனைப் பேணி வளர்த்தவர்களுள் முதல்வராகக் கருதப்படும் எட்வர்ட் பார்ன்ஸ் ஒரு வேதியியல் பேராசிரியர். தென்னாட்டுச் செடிகளை ஓய்வுநேரத்தில் ஆராய்ந்தவர். நம் சமவெளி மரங்களிலும் ஓர் ஆர்கிட் வளரும். 'வாண்டா டெசலாட்டா' என்பது அதன் பெயர். இதழ்களில் கட்டம் கட்டமாகப் பின்னல் வரிகளும், நீலமோ ஊதாவோ கலந்த உதடும், நல்ல மணமும் உடையது. சோழமண்டலக் கரைச் செடிகளைப்பற்றி வில்லியம் ராக்ஸ்பரோ 1795 முதல் வெளியிட்ட படநூலிலேயே இது இடம்பெற்றுவிட்டது.

இதற்கு நம்மிடையே ஓர் ஆபத்து உண்டு. மரத்தில் தொற்றி வளர்வதையெல்லாம் புல்லுருவி என்று கருதி, மாமரத்தைத் துப்புரவு செய்யும்போது அரிவாளால் அறுத்தெறிகின்றனர். புல்லுருவி மரத்தின் உடலைத் துளைத்து உள்ளே வேரோட்டி, அதன் சாற்றை உறிஞ்சும். அதை நீக்குவது சரியே. ஆர்கிட் மரத்திலிருந்து உணவெதையும் எடுப்பதில்லை. அதன் வேர்கள் தடித்த வெண்சாம்பல் கயிறுகளாகப் பட்டையின் மேலேயே படர்ந்தும் காற்றில் தொங்கியும் இருக்கும். மழை நீர் பட்டதும் அவ்வேர்கள் பச்சை நிறம் பெறும். ஐயமிருப்பின் ஒரு குவளைத் தண்ணீரை வேரின்மேல் ஊற்றிப் பார்க்கலாம். பச்சையாக மாறினால் அரிவாளை ஒதுக்கி வைத்துவிடலாம். பூ விரிந்ததும் படமெடுக்க விரும்பும் பிள்ளைகள், முன்புறத்தோடு நிறுத்திவிடாமல், மலரைப் பறிக்காமலே ஏணியில் ஏறிப் பின்புறத்தையும் எடுக்கவேண்டும். வால் இருக்கிறதா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.